இழுப்பறைப் பறவைகள்

இயற்கை வரலாற்று மியூசியத்துக்குப் போய்வந்தவர்கள் முதலில் பேசுவது திமிங்கிலத்தைப் பற்றி. அதை விட்டால் புலியைப் பற்றி. என் கட்சி வேறு. ஒரு சேகரிப்பின் தரத்தை முன்கூடத்தில் அளக்க முடியாது. பின்கட்டில், நாப்தலின் நெடி ஊறிய அலமாரிகளில், காலில் சீட்டோடு மல்லாந்து வரிசையாகப் படுத்திருக்கும் பறவைத் தோல்களில்தான் அளக்க வேண்டும். அந்த வரிசைகளில் ஒருவருடைய கைவேலை மீது எனக்குத் தீராத மோகம். கோலாலம்பூர் சிலாங்கூர் மியூசியத்தில் பாடம் செய்த சைமுண்ட்தான் அவர்.

ராபின்சனையும் குளோஸையும் பற்றிப் பேச ஆள் உண்டு. 1903-இல் சிலாங்கூர் மியூசியத்துக்கு வந்த ஹெர்பர்ட் கிறிஸ்டோபர் ராபின்சன், 1905-இல் குனோங் தஹான், 1914-இல் சக ஆய்வாளர் குளோஸோடு சுமத்ராவின் கெரிஞ்சி என்று மலை மலையாக ஏறிச் சேகரித்தவர். மலாயாப் பறவைகள் பற்றிய அவருடைய இரு தொகுதிகள் 1927-லும் 1928-லும் வந்தன. மூன்றையும் நான்கையும் சிங்கப்பூர் ராபிள்ஸ் மியூசியத்தின் சேசன் முடித்தார். பெரிய மனிதர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகங்களில் உள்ள இறக்கை நீளமும் நிற வருணனையும் யாரோ ஒருவர் உரித்து, துடைத்து, பஞ்சு வைத்துத் தைத்த தோலிலிருந்து எடுத்தவை. தோல் கெட்டிருந்தால் புத்தகமும் கெட்டிருக்கும்.

நம் ஊர் வெயிலில் காலையில் விழுந்த பறவை மாலைக்குள் நாற ஆரம்பித்துவிடும். மலைமுகாமில், விளக்கடியில், எறும்பு ஏறாமல் பார்த்துக்கொண்டு அன்றைக்கே முடிக்க வேண்டிய வேலை அது. மார்பெலும்பிலிருந்து கீழே ஒரே கீறல். இறகில் ரத்தம் படாமல் மாவு தூவித் தூவி உரிப்பது, மூளையை எடுத்து மண்டையோட்டை மட்டும் விட்டுவைப்பது, உட்புறம் ஆர்செனிக் சோப்புப் பூசுவது எல்லாம் பழகினால் வந்துவிடும். கடைசியாகப் பஞ்சு வைப்பதில்தான் கலைஞன் தெரிவான். அதிகம் வைத்தால் கழுத்து நீண்டு, அந்தப் பறவைக்கு இல்லாத உயரம் வந்துவிடும். குறைத்து வைத்தால் மார்பு ஒடுங்கும். அளவாக வைத்தவன் கையில், தொட்டிலில் தூங்கும் பிள்ளைபோல இறக்கை மூடி, அலகு நேராகிக் கிடக்கும்.

சிங்கப்பூரில் பழைய மலாயாத் தோல்களின் இழுப்பறைகளைத் திறந்து பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. சிலாங்கூர் மியூசியப் பட்டறையிலிருந்து வந்தவற்றைச் சீட்டைத் திருப்பாமலே இனம் காண முடியும் என்றுதான் இன்றும் சொல்வேன். நூறாண்டு கடந்தும் தையல் விடவில்லை, இறகு வரிசை கலையவில்லை.

சைமுண்ட் மலாயாவுக்கு வருமுன்பே ஆப்பிரிக்காவின் பெர்னாண்டோ போ தீவில் சேகரித்தவர். அங்கே கிடைத்த ஒரு தேன்சிட்டுக்கு 1908-இல் ஒகில்வி-கிராண்ட் அவர் பெயரை வைத்தார். 1910-இல் ராபின்சன் ஒரு பச்சைப்புறாவை விவரித்தபோது அதற்கு டிரெரோன் சைமுண்டி என்று பெயரிட்டார். பாடம் செய்தவருக்குப் புறாவைக் கொடுத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. தோல் வேலை செய்தவர்கள் பயப்படும் பறவை புறா. ஈரத்தாள் மாதிரித் தோல். விரல் அழுந்தினால் இறகு கொத்தாகக் கையோடு வரும். நல்ல புறாத்தோல் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், அந்தப் பட்டறையின் தரம் உடனே தெரிந்துவிடும். உயிரினங்களுக்கு ஆளுநர்கள், அதிகாரிகள் பெயரைச் சூட்டி மகிழ்ந்த காலத்தில், கத்தியும் ஊசியும் பிடித்தவருக்கு ஒரு பறவை போய்ச் சேர்ந்தது எனக்குப் பெரிய நிறைவு.

பாடம் செய்து நிற்க வைத்த உருவங்களை விரும்புகிறவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். உயிரோடு இருப்பதுபோல் நிற்க வேண்டும், கண்ணில் ஒளி வேண்டும் என்பது அவர்கள் வாதம். தைப்பிங்கில் 1883-இல் தொடங்கிய பேராக் மியூசியத்தின் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நானும் நின்றிருக்கிறேன். அந்த அழகை மதிக்கிறேன். ஆனால் நிற்க வைத்த விலங்கு, செய்தவரின் கற்பனையையும் சேர்த்துக் காட்டுகிறது. பல்லைக் காட்டும் புலியின் முகத்தில் பாதி, பட்டறையில் பிறந்த கோபம். படுத்திருக்கும் தோல் எதையும் நடிப்பதில்லை.

காட்சிப்பொருளுக்கே கவனம் எல்லாம் போய்விடுவது திமிங்கிலத்தின் கதையிலும் தெரியும். 1892-இல் மலாக்காக் கரையில் ஒதுங்கியது, 1907 முதல் ராபிள்ஸ் மியூசியத்தில் தொங்கியது, 1974-இல் கோலாலம்பூருக்கு வந்தது, இப்போது லபுவானில் இருக்கிறது. அதை இழந்த வருத்தத்தை சிங்கப்பூர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதே காலத்தில் அதே மியூசியத்திலிருந்த பல்லாயிரம் தோல்களும் புட்டிகளும் வீடில்லாமல் அலைந்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. 1972-இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்த அந்தச் சேகரிப்பு, இடம் இடமாக மாறி 1987-இல்தான் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் நிலைகொண்டது. அத்தனை ஆண்டும் அதைப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் கொடுக்காமல் காத்தவர்களில் யாங் சாங் மான் அம்மையாரை முதலில் சொல்ல வேண்டும். அந்தச் சேகரிப்பின் புது வீடாக 2015-இல் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று மியூசியம் திறந்தபோது கூட்டம் டைனோசர்களைப் பார்க்கப் போனது. என்னைக் கேட்டால் அந்தக் கட்டடத்தின் உயிர், கூட்டம் போகாத மாடிகளில் இருக்கிறது.

சிலாங்கூர் மியூசியத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1945 மார்ச் 10-ஆம் நாள் நேசநாட்டு விமானங்களின் குண்டில் அதன் வலப்பக்கம் தரைமட்டமானது. அந்த இடத்தில்தான் 1963-இல் திறந்த தேசிய மியூசியம் நிற்கிறது. சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் முன்பே போய்ச் சேர்ந்திருந்த தோல்கள் தப்பின. நம் மாநிலத்துப் பறவையைப் பார்க்க நாம் எல்லை தாண்ட வேண்டியிருப்பதன் பின்கதை இது.

தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று என் நண்பர்களே கேட்பதுண்டு. நம்மைப் போல இதற்குக் கடன்பட்டவர்கள் வேறு யாரும் இல்லை. கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் நம் பாட்டன் தலைமுறை காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்தது. அப்போது டாக்டர் மால்கம் வாட்சன் கண்டுகொண்டது என்ன? கடலோரச் சதுப்பில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் அம்ப்ரோசஸ் நிழல் தேடும் கொசு. காட்டை வெட்டி வடிகால் போட்டால் ஒழியும். மலைப்பக்கத்து அனோபிலிஸ் மேக்குலேட்டஸ் வெயில்படும் ஓடையில் முட்டையிடும். அங்கே காட்டை வெட்டினால் காய்ச்சல் ஏறும். ஓரிடத்தில் உயிர் காத்த வேலை அடுத்த இடத்தில் உயிரைக் குடித்தது. இரண்டு கொசுவையும் பிரித்துச் சொல்ல, லண்டன் மியூசியத்துக்காகத் தியோபால்ட் என்பவர் உலகமெங்கிருந்தும் வந்த கொசுக்களை ஊசியில் குத்தி ஒப்பிட்டு, விவரித்து வைத்திருந்தார். இறக்கைப் புள்ளியை எண்ணிய அந்த வேலையின் பலன் நம் லயங்களுக்கு வந்து சேர்ந்தது.

செம்பனைக்கு வருவோம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் ஹென்றி பொகோனியே தொடங்கிய தென்னமரம், நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. என் அம்மா தலைமுறைப் பெண்கள் பூந்தூளை எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போய்க் கையால் தூவினார்கள். 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட எலெய்டோபியஸ் கேமருனிகஸ் என்ற சிறு வண்டு அந்த வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. ஆப்பிரிக்கச் செம்பனைப் பூவில் மொய்க்கும் வண்டுகளில் எது எது என்று பிரித்தறியாமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கப்பலேற்ற முடியுமா? வண்டு இழுப்பறையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதை நினைக்க வேண்டும்.

நம் வடசிலாங்கூரின் சுங்கை பஞ்சாங் சுற்றுவட்டாரமே ஒரு சேகரிப்புக்குரிய பொருள்தான். வடசிலாங்கூர்க் கரிச்சதுப்புக் காட்டின் கறுப்பு நீரில் பெட்டா லிவிடா என்ற சண்டைமீன் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. 1992-இல் அதை விவரித்த இருவரில் ஒருவரான பீட்டர் இங் பிற்காலத்தில் சிங்கப்பூர் மியூசியத்துக்கே தலைவரானார். செகிஞ்சான் வயல்களில் எலி பிடிக்கப் பெட்டி வைத்து அழைக்கும் கூகை, செம்பனை பரவுவதற்கு முன் இந்தத் தீபகற்பத்தில் அரிய பறவை. நத்தைகுத்தி நாரை இந்த நூற்றாண்டில் வந்த விருந்தாளி. ஒரு பறவை முன்பு இல்லை என்று உறுதியாகச் சொல்ல என்ன சாட்சி இருக்கிறது? பழைய இழுப்பறையில் அதற்கு இடம் இல்லாததே சாட்சி.

கொன்று சேர்த்ததைக் கொண்டாடலாமா என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. 1932-இல் பெர்ணாம் ஆற்றுக்கு வடக்கே, கீழ்ப் பேராக்கில், தீபகற்பத்தின் கடைசி ஜாவாக் காண்டாமிருகத்தை ஒரு மியூசியத்துக்காகத்தான் சுட்டார்கள். அது மன்னிக்க முடியாதது. ஆனால் 2003-இல் நம் சுங்கை டூசுன் மையத்திலிருந்த சுமத்ராக் காண்டாமிருகங்கள் சில வாரங்களுக்குள் எல்லாமே மாண்டபோது அவற்றை யாரும் சுடவில்லை. அந்த இனமே 2019-இல் மலேசியாவிலிருந்து மறைந்தது. இனி நம் பிள்ளைகள் பார்க்கப்போவது எலும்பையும் தோலையும்தான். இருப்பதை ஒழுங்காக வைத்திருப்பதாவது நம் கடமை.

அந்த ஒழுங்குதான் இப்போது குறைந்துவருகிறது. புதிய கூடங்களில் திரை மின்னுகிறது, காட்டுச் சத்தம் ஒலிக்கிறது, பொத்தானை அழுத்தினால் யானை பிளிறுகிறது. கீழே உள்ள சீட்டில் விலங்கின் பெயரும் நாட்டின் பெயரும்தான். எந்த ஆற்றோரம், எந்த ஆண்டு, யார் கையில் கிடைத்தது? பதில் இல்லை. பழைய தோலின் காலில் கட்டிய சீட்டைப் பாருங்கள். இடம், உயரம், நாள், ஆணா பெண்ணா, உயிர் போன நேரத்தில் கண்ணின் நிறம், காலின் நிறம் எல்லாம் அழியாத மையில் இருக்கும். கண்ணும் காலும் காய்ந்தால் நிறம் போய்விடும். அன்றிரவே எழுதாவிட்டால் பிறகு எவராலும் எழுத முடியாது. களைத்த உடம்போடு அதை எழுதிவிட்டுத் தூங்கப் போனவரின் நேர்மைக்கு முன்னால் எந்தத் திரையும் நிற்காது.

நான் படித்த தோட்டப் பள்ளியில் பாம்பும் தேளும் மிதந்த புட்டிகள் ஒரு வரிசை இருந்தன. ஆசிரியர் எத்தனையோ சிரமப்பட்டுச் சேர்த்தவை. ஒன்றிலும் சீட்டு இல்லை. தோட்டம் கைமாறிப் பள்ளி இடம் மாறியபோது குப்பையோடு போயின. ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தால் எங்கள் தோட்டத்தின் பாம்புகள் எவை என்று இன்று சொல்ல முடிந்திருக்கும், தோட்டமே இல்லாதபோதும்.

ஆகவே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. பிள்ளைகளிடம் எதையும் கொல்லச் சொல்லாதீர்கள். கண்ணாடியில் மோதி விழுந்த பறவை, செத்து உதிர்ந்த வண்டு, வரப்பில் கிடக்கும் சட்டை உரித்த பாம்பின் தோல் எதுவானாலும் கையுறையோடு எடுத்து, பென்சிலால் ஒரு சீட்டு எழுதச் சொல்லுங்கள். இடம், நாள், எடுத்தவர் பெயர். பெரிதாக எதுவும் கிடைத்தால் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். சீட்டு இல்லாத பொருள் அலங்காரம் மட்டுமே. சீட்டு உள்ள ஒரு வண்டு, மியூசியத்தின் முதல் பொருள்.