மெட்டு இரவல், கோபம் சொந்தம்

1940இல் அமெரிக்காவில் வூடி கத்ரி ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’ பாட்டை எழுதினார். அதன் மெட்டு, கார்ட்டர் குடும்பத்தார் பாடி வந்த ஒன்றைத் தழுவியது. அதே ஆண்டில் இலங்கையின் மலையகத்தில் மீனாட்சியம்மாள் நடேசய்யர் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். ஜனங்களின் வாயில் ஏற்கெனவே புழங்கிய மெட்டுகளில்தான் அவரும் தம் சொற்களைப் பூட்டினார்.

கணவர் கோ. நடேசய்யர் தொழிற்சங்கத் தலைவர், ‘தேசபக்தன்’ பத்திரிகையின் ஆசிரியர், 1936 முதல் அரசாங்க சபையில் ஹட்டன் உறுப்பினர். அவர் பேசிய மேடைகளில் மீனாட்சியம்மாள் பாடினார். பெண்ணொருத்தி பொதுக்கூட்டத்தில் எழுந்து நிற்பதே அரிதாக இருந்த காலம் அது! துண்டுப்பிரசுரம் வாசிக்கத் தெரியாதவருக்கும் பாட்டு போய்ச் சேரும். மெட்டு பழகியதென்றால் சொல்லை மட்டும் மனத்தில் வாங்கினால் போதும். இந்தக் கணக்கில் அவர் தவறவில்லை.

ஆனால் அதே இரவல்தான் பின்னால் வினையாயிற்று. மெட்டு மறந்துபோக, தாளில் வெறும் வரிகள் மிஞ்சின. இன்று வாசித்தால் பல இடங்களில் மேடைப் பேச்சை எதுகையில் அடுக்கியதுபோல் இருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் கங்காணியும் துரையும் பெயரும் முகமுமாக வருகிறார்கள். மீனாட்சியம்மாளிடம் ‘இந்தியர்’ என்ற மொத்தக் கூட்டமே வருகிறது. அழுகுரலைவிட முறையீடு உரத்துக் கேட்கிறது.

அந்த முறையீட்டுக்குக் காரணம் இருந்தது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை நீக்க இலங்கை அமைச்சர்கள் முடிவு செய்தார்கள். அடி முதலில் விழுந்தது கொழுந்து பறித்தவர்கள்மேல் அல்ல, நாட்சம்பளக்காரர்மேல். மலையகப் பாட்டு என்றதும் தேயிலைச் செடியை மட்டும் நினைக்கும் நம் விமர்சகர்கள் இதைக் கவனிப்பதில்லை. கண்டி மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாய் வாழும் மஹய்யாவ அந்தப் பார்வையில் படுவதே இல்லை. இத்தனைக்கும் அந்தப் பாட்டுகளின் கோபம் அவர்களுக்குத்தான் நெருக்கமானது.

இன்னொரு குறை அரசியல் சார்ந்தது. காப்பாற்ற இந்தியா வரும் என்ற நம்பிக்கையில் நின்ற குரலுக்கு, மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது பிடிமானம் இல்லாமற் போயிற்று.

கவிஞர் என்ற தராசில் மீனாட்சியம்மாள் நடுத்தரம். பாட்டைச் சங்கத்தின் ஆயுதமாக்கியவர் என்ற வகையில் மலையகத்தில் அவரே முன்னோடி. அவரைப் பற்றி ஆய்வரங்கு நடத்துவோர், அந்தப் பாட்டுகளை உரிய மெட்டில் யாரையாவது பாடவைத்துப் பதிவு செய்ய வேண்டும். மதிப்பீடெல்லாம் அதற்குப் பிறகு.