மலையேறும் கிசுகிசு

2020 ஜூலை. ஊரடங்கு காலம், மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கட்டாயம். கொடைக்கானலில் விடுதிகளும் கடைகளும் சுற்றுலாப் பயணிகள் இல்லாமல் காற்று வாங்கின. அந்த நேரத்தில், வனத்துறை அனுமதியின்றி நுழைய முடியாத பேரிஜம் ஏரியில் நடிகர்கள் விமலும் சூரியும் மீன் பிடித்த படங்கள் சமூக வலைதளங்களில் கசிந்தன. சினிமா செய்திக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்? படங்கள் சேனல் சேனலாக ஓடின. வனத்துறை ஆளுக்கு 2,000 ரூபாய் அபராதம் போட்டது. காவல்துறை வழக்குப் பதிந்தது.

கிசுகிசு நிகழ்ச்சிகளுக்கு வக்காலத்து வாங்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். பெயர் தெரியாத யாரோ நாலு பேர் அதே ஏரியில் தூண்டில் போட்டிருந்தால் உள்ளூர்ப் பக்கத்தில்கூட இடம் கிடைத்திருக்காது. பிரபலம் என்பதால்தான் விதிமீறல் வெளிச்சத்துக்கு வந்தது, நடவடிக்கையும் வந்தது.

ஆனால் அந்த வெளிச்சம் முகத்தைத் தாண்டிப் போவதில்லை. இ-பாஸ் கெடுபிடிக்கு நடுவே கார் மலையேறியது எப்படி, காட்டுக்குள் யார் விட்டார்கள், சாதாரண ஜனங்களுக்கும் இதே சலுகை உண்டா? இந்தக் கேள்விகளில் நடிகர் இல்லை. ஆகவே நிகழ்ச்சிக்கு அவை தேவையில்லை.

2023இல் நடிகர்கள் பாபி சிம்ஹா, பிரகாஷ்ராஜ் ஆகியோர் கொடைக்கானல் பகுதியில் விதியை மீறிக் கட்டடம் கட்டுவதாகப் புகார் எழுந்தபோதும் இதே கதைதான். 'நடிகரின் மலை பங்களா' தலைப்பானது. மலைப்பகுதிக் கட்டட விதிகள் அடிக்குறிப்புகூட ஆகவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. 1990களில் கொடைக்கானலின் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் ஏழு மாடிக்கு உயர்ந்தபோது, பழனி மலைப் பாதுகாப்புக் குழு நீதிமன்றம் போனது. விதியைத் தளர்த்திய அரசாணை ரத்தானது. அந்தத் தளர்வுக்காக 2000 பிப்ரவரி 2இல் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அங்கே மனு போட்டவர்கள் கேட்டது 'ஹோட்டல் யாருடையது' என்பதை அல்ல, 'அனுமதி கொடுத்தது யார்' என்பதை.

கிசுகிசு நிகழ்ச்சிகள் முகத்தோடு நின்றுவிடுவதற்கு ஒரு தொழில் காரணமும் உண்டு. அமெரிக்காவில் 1981இல் தொடங்கிய 'என்டர்டெய்ன்மென்ட் டுநைட்', ஒரே இடத்தில் தயாராகிச் செயற்கைக்கோள் வழியே பல உள்ளூர் நிலையங்களுக்கு அன்றன்றைக்கே விற்கப்பட்டது. ஒரு தயாரிப்பு, பல வாடிக்கையாளர்கள் என்றால் எந்த ஊருக்கும் புரியும் சரக்கு வேண்டும். அது நட்சத்திரத்தின் முகம். தமிழ்ச் சேனல்களில் அப்படிப்பட்ட விற்பனைச் சங்கிலி இல்லை. ஆனால் ஒரே வீடியோத் துணுக்கு குரலை மட்டும் மாற்றிக்கொண்டு பத்து இடத்தில் ஓடுகிறது. பேரிஜத்துக்குப் போய் விசாரிக்கச் செலவாகும். படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டக் காசு வேண்டாம்.

கேமரா பொது விஷயத்தை விட்டுத் தனிப்பட்ட வாழ்க்கைக்குள் நுழையும்போது கெடுதல் கூடுகிறது. 16 ஆண்டுகள் உண்ணாவிரதம் இருந்த இரோம் ஷர்மிளா 2017இல் கொடைக்கானலில் திருமணம் செய்ய விண்ணப்பித்தார். சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ், ஆட்சேபங்கள் வந்தன. ஒரு பெண்ணின் கல்யாணம் பல வாரம் செய்தியாக இழுபட்டு, ஆகஸ்ட் 17இல் முடிந்தது. இங்கே மீறப்பட்ட விதி எதுவுமில்லை, பார்வையாளர்களின் ஆவல் மட்டுமே இருந்தது.

இந்த ஆவல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த 'இந்துநேசன்' லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சிறை சென்ற நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் 1947இல்தான் விடுதலையானார்கள். பாகவதருக்குப் பழைய உச்சம் திரும்பவே இல்லை.

அவதூறு, பொய், மறைமுகச் சாடை, அரை உண்மை ஆகியவற்றைக் கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994ஆம் ஆண்டிலிருந்தே தடை செய்கின்றன. 'மூன்றெழுத்து நடிகை' பாணி நிகழ்ச்சிகள் அந்த வரியில் நேராகச் சிக்கும். பேரிஜம் மாதிரியான செய்தியைச் சேனல்கள் தாராளமாகக் காட்டட்டும். அடுத்த நாள் அதே நேரத்தில் வனத்துறை அதிகாரி ஒருவரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்கட்டும்.