'ரூட்ஸ்': குடிவழியும் ஆவணச் சான்றும்

அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' (1976), ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பமொன்றின் ஏழு தலைமுறைக் குடிவழியைக் கூறும் நூலாகும். குடும்பத்தார் வாய்மொழியாகக் காத்துவந்த செய்திகளை ஆவணங்கள் உறுதிப்படுத்தின என்பது ஹேலியின் கூற்று. அக்கூற்றின் வலிமையை இக்கட்டுரை மதிப்பிட முற்படுகிறது.

1870ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் முன்னோராகிய கொல்லர் டாம் மரேயின் பெயரை ஹேலி கண்டார். அதற்கு முந்திய 1850, 1860ஆம் ஆண்டு அட்டவணைகளோ அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியவற்றை உடைமையாளர் பெயரின்கீழ்ப் பதிந்தன. அடிமைகளின் பெயர்களைப் பெரும்பாலும் பதியவில்லை. அவர்தம் திருமணங்களையும் சட்டம் ஏற்கவில்லை. உள்நாட்டுப் போரில் மாண்ட கறுப்பினப் படைவீரர்களின் கைம்பெண்கள் ஓய்வூதியம் கோரியபோதுதான், அத்தகைய மணவாழ்க்கை சாட்சிகளின் வாக்குமூலத்தால் மெய்ப்பிக்கப்பட்டது. வாய்மொழி அங்கே விசாரணைக்கு உட்பட்டு ஆவணமாயிற்று.

'ரூட்ஸ்' அத்தகைய விசாரணைக்கு ஈடுகொடுக்கவில்லை. குண்டா கிண்டே 1767இல் கப்பலில் கொண்டுவரப்பட்டு, 'டோபி' எனப் பெயரிடப்பட்டார் என்கிறது நூல். ஆனால், டோபி என்பவர் அதற்கு முன்பே வர்ஜீனியாவில் வாலர் குடும்பத்தாரிடம் இருந்தமையைக் கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் ஆகியோர் 1981இல் ஆவணங்கள்வழி எடுத்துக்காட்டினர். இதனால் குடிவழியின் முதற்கண்ணியே ஆட்டங்காண்கிறது.

எனினும், பெயர் மறுக்கப்பட்ட மக்களின் துயரை உணர்த்தும் புனைவு என்னும் நிலையில் இந்நூல் சிறப்புடையது. மாணவர்க்கு இதனைக் குடிவழிச் சான்றாக முன்வைப்பது பொருந்தாது. ஆவணம் மௌனம் காக்குமிடத்தைப் புனைவு நிரப்பலாம். ஆவணம் மறுக்குமிடத்தில் புனைவை வரலாறெனக் கொள்ளலாகாது.