பணிதலும் பணிய வைத்தலும்

மனிதன் தனக்கு மேல் இன்னொருவனை ஏன் ஏற்றுக்கொள்கிறான்? இவ்வினாவிற்கு விடைகூறப் பரிணாம உளவியல் முன்வந்துள்ளது. உடலுறுப்புகளைப் போன்றே மனப்போக்குகளும் நெடுங்கால வாழ்க்கைப் போராட்டத்தில் உருவானவை என்பது அத்துறையின் அடிப்படை. வலியவனோடு மோதி மடிவதைவிடத் தலைதாழ்த்திப் பிழைப்பது ஆதாயம். அங்ஙனம் பிழைத்தவர்களின் வழித்தோன்றல்களே நாம். ஆகவே மேல் கீழ் என்பது இயற்கை என்றொரு வாதம் அத்துறையின் பெயரால் பரவலாக எடுத்துரைக்கப்படுகிறது.

இவ்வாதத்தின் ஒருபாதியை மறுத்த நூல், அமெரிக்க மானிடவியலாளர் கிறிஸ்டோபர் போம் 1999-இல் வெளியிட்ட ‘ஹைரார்க்கி இன் த ஃபாரஸ்ட்’ என்பதாகும். கோம்பே காட்டின் சிம்பன்சிகளை நேரில் ஆராய்ந்த அவர், ஆதிக்க நாட்டம் மனிதனிடம் உண்டு என ஒப்புகிறார். ஆனால் பிறர் ஆதிக்கத்தை வெறுக்கும் இயல்பும் அதே அளவு பழமையானது என்கிறார். வேட்டையாடி, உணவு சேகரித்து வாழும் சிறு குழுக்களில் எளியோர் ஒன்றுகூடி வலியவனை அடக்குகின்றனர். கேலி, கீழ்ப்படியாமை, விலக்கிவைத்தல், நிலைமை முற்றினால் கொலை என அதற்குப் பல படிகள். கலஹாரியின் குங் மக்களிடையே, பெரிய வேட்டையோடு வருபவனின் இறைச்சியை மற்றவர் இகழ்ந்து பேசுவர். அவன் உள்ளத்தில் செருக்கு முளைத்துவிடக் கூடாதென்பதே நோக்கம். இதனை ரிச்சர்ட் லீ 1969-இல் எழுதிய கட்டுரையால் உலகம் அறிந்தது.

போமின் வாதத்தை நாம் மதிக்கிறோம். எனினும் இரண்டு குறைகள் தென்படுகின்றன. அவர் காட்டும் சமத்துவம் பெரிதும் குடும்பத் தலைவர்களான ஆண்களுக்கிடையே நிலவியது. இல்லத்தினுள் அது நுழைந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டாவது குறை பெரிது. தலைவனைக் கேலியால் அடக்கியவன், பிற்காலத்தில் மன்னனின் வாயிலில் மண்டியிட்டது எங்ஙனம்? உழவும் ஊரும் மக்கட்பெருக்கமும் சூழலை மாற்றின என்பது சரியே. உள்ளம் மாறிய விதத்திற்கு அது முழு விடையாகாது.

அவ்விடையை நாம் இப்னு கல்தூனிடம் தேடலாம். பல அரசவைகளில் பணியாற்றி, சிறையும் கண்டபின், 1377-இல் தம் ‘முகத்திமா’வை எழுதிய அவர், இரு சொற்களைப் பிரித்தாள்கிறார். ‘ரியாஸத்’ என்பது மக்கள் விரும்பிப் பின்பற்றும் தலைமை. அங்கே கட்டாயப்படுத்தும் வலிமை இல்லை. ‘முல்க்’ என்பது பலத்தால் ஆளும் ஆட்சி. ஹென்ரிக்கும் கில்-ஒயிட்டும் 2001-இல் மதிப்பு வேறு, ஆதிக்கம் வேறு என வகுத்ததற்கு இப்பகுப்பு மிக அணுக்கமானது.

அச்சுறுத்தித் திணிக்கப்படும் சட்டத்தின்கீழ் வளர்வோரின் துணிவு முறிந்துவிடும் என்கிறார் இப்னு கல்தூன். ஸஹாபாக்களிடம் அது முறியவில்லை. ஏனெனில் அவர்களைத் தடுத்தாண்டது வெளியிலிருந்து வந்த அச்சமன்று, உள்ளிருந்த ஈமானே என்றும் விளக்குகிறார். ஆக, ‘ஏற்றுக்கொள்ளுதல்’ எனும் ஒரே சொல்லுக்குள் மூன்று நிலைகள் மறைந்துள்ளன: விரும்பிப் பின்பற்றல், வேறு வழியின்றிப் பொறுத்தல், உள்ளம் முறிந்து பழகிப்போதல். இம்மூன்றையும் ‘இயற்கை’ என்று ஒன்றாக்குவோர், அறிந்தோ அறியாமலோ வலியவனுக்கே வழக்குரைக்கின்றனர்.

மாணவரைக் கடுமையாக நடத்தினால் அவர் பொய்யும் சூதும் கற்பர் என்று அதே நூலில் ஓர் அத்தியாயம் எச்சரிக்கிறது. அதனை ஆண்டுதோறும் பாடமாக நடத்தியபோதும், வகுப்பில் வாய்திறவாத மாணவனையே ‘அதபு உள்ளவன்’ என்று நாம் பாராட்டி வந்தோம். அவன் பணிந்தானா, முறிந்தானா என்று கேட்டதில்லை. போமின் நூலை மூடியபின் எம்மிடம் எஞ்சியது அக்கேள்விதான்.