சுவரில் தொங்கும் சூரியக் குடும்பம்

பிச்சாவரத்துக்கு அருகே ஒரு தொடக்கப் பள்ளியில், நான்காம் வகுப்புப் பாடம் ஒன்றை உடனிருந்து கேட்கும் வாய்ப்பு கிடைத்தது. பாடம் சூரியக் குடும்பம். சுவரில் வண்ணப்படம் ஒன்று தொங்கியது. இடது ஓரத்தில் சூரியனின் ஒரு பகுதி. அதை அடுத்து, இரயில் பெட்டிகளைப்போல் வரிசையாக எட்டுக் கோள்கள். ஆசிரியர் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்ட, பிள்ளைகள் "புதன், வெள்ளி, பூமி, செவ்வாய்" என்று ஒரே குரலில் ஒப்பித்தார்கள். ஒரு பிழையும் இல்லை. பின்வரிசையிலிருந்த ஒரு சிறுமி மட்டும், "சார், நிலா எங்கே?" என்று கேட்டாள். படத்தில் நிலா இல்லை. "அது கோள் இல்லேம்மா, துணைக்கோள். அப்புறம் வரும்" என்றார் ஆசிரியர். பாடம் மேலே சென்றது.

படகு ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துப் பெண் அவள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் இந்தச் சுரபுன்னைக் காட்டில், எந்த வாய்க்காலில் எந்த நேரத்தில் படகு போகும் என்பதை நீரின் ஏற்றமும் வற்றமும் முடிவு செய்கின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிகுதியாக ஏறும், மிகுதியாக வற்றும் என்பதை அவள் வீட்டில் யாரும் புத்தகம் பார்த்துச் சொல்வதில்லை. வானத்தில் முதலில் நிலாவைத் தேடுவது அவளுக்கு இயல்பு. அந்த நிலாவுக்குப் பாடத்தில் இடமில்லாமற் போனது தற்செயல் அன்று. நம் பள்ளிகளில் சூரியக் குடும்பத்தை அறிமுகப்படுத்தும் முறையிலேயே உள்ள குறை அது.

படத்தால் சொல்ல முடியாதது

முதலில் படத்துக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுவோம். கோள்களின் வரிசையை அது சரியாகக் காட்டுகிறது. சனிக்கு வளையம் உண்டு, வியாழன் பெரியது என்பவை மனத்தில் பதிகின்றன. ஆனால் அளவும் தொலைவும் ஒரே தாளில் அடங்கா. பூமியை ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் வரைந்தால், சூரியனை ஒரு மீட்டருக்கும் மேல் அகலமாக வரைய வேண்டும். அதைப் பூமியிலிருந்து ஏறத்தாழ 117 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கடைசிக் கோளான நெப்டியூன் மூன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்விடும். எனவே எந்தப் படமும் இந்த உண்மையைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். சுருக்கியது குற்றமில்லை, சுருக்கியிருக்கிறோம் என்று பிள்ளைக்குச் சொல்லாததே குற்றம். இன்று கைபேசியில் கிடைக்கும் அசையும் படங்களும் பெரும்பாலும் இதே பிழையைத்தான், இன்னும் பளபளப்பாகச் செய்கின்றன.

இன்னொரு மயக்கம், கோள்களின் பாதை. சாய்வான கோணத்திலிருந்து பார்ப்பதுபோல் வரைவதால், பாதைகள் முட்டை வடிவில் நீண்டு தெரிகின்றன. சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது கோடை, விலகிப் போகும்போது குளிர் என்று பிள்ளை தானே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. பெரியவர்கள் பலரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்கழியும் ஆனியும்

இந்த மயக்கத்தைத் தீர்க்கச் சிதம்பரத்தைவிடச் சிறந்த ஊர் கிடைக்காது. இங்கே ஆண்டுக்கு இரண்டு பெருவிழாக்கள்: மார்கழியில் திருவாதிரை, ஆனியில் திருமஞ்சனம். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது சனவரித் தொடக்கத்தில், அதாவது மார்கழியில். அப்போது தொலைவு 14.7 கோடிக் கிலோமீட்டர். மிகவும் விலகி நிற்பது சூலைத் தொடக்கத்தில், அதாவது ஆனியில். அப்போது தொலைவு 15.2 கோடிக் கிலோமீட்டர். பனியில் நடுங்கிக்கொண்டே தரிசனத்துக்குப் போகும் நாட்களில்தான் நாம் சூரியனுக்கு 50 இலட்சம் கிலோமீட்டர் நெருக்கமாக இருக்கிறோம்!

அப்படியானால் குளிர் எதனால்? பூமியின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதால். இதைப் பள்ளிக் கொடிக்கம்பமே காட்டிவிடும். கம்பம் பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மார்கழித் தொடக்கத்தில் உச்சிவேளை நிழல் வடக்கு நோக்கி ஏழடி நீண்டு விழும். வெயில் சாய்ந்து விழுகிறது, பகலும் குறுகுகிறது, சூடு குறைகிறது. ஆனித் தொடக்கத்திலோ அதே கம்பத்தின் நிழல் தெற்கு நோக்கி இரண்டடியே இருக்கும். இடையில் சித்திரையில் ஒரு நாளும், ஆவணியில் ஒரு நாளும் உச்சிவேளையில் நிழலே இராது. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் குறித்து வந்தால், ஓராண்டில் பிள்ளைகளே பருவங்களின் காரணத்தைக் கண்டுகொள்வார்கள்.

வீட்டில் இருக்கும் வானியல்

பாடம் தொடங்கும்போது பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதுவன்று. கிழமைப் பெயர்களைச் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு ஏழு வான்பொருள்களின் பெயர்கள் தெரியும். விண்மீன்களுக்கிடையே இடம் மாறிச் செல்வனவாகக் கண்ணுக்குத் தெரிந்த ஏழும் அவையே. முன்னோர் அவை எல்லாவற்றையும் கிரகம் என்றார்கள்; அதனால்தான் கோயில் நவக்கிரகங்களில் ஞாயிறும் திங்களும் இருக்கின்றன. இன்று நாம் சூரியனைச் சுற்றுவனவற்றைக் கோள் என்கிறோம். ஞாயிறு விண்மீனாயிற்று, திங்கள் துணைக்கோளாயிற்று. பூமி பட்டியலில் சேர்ந்தது. 2006ஆம் ஆண்டில் புளூட்டோ குறுங்கோள் ஆனது. அறிவு வளர வளரப் பெயரின் பொருளும் மாறும் என்பதை இதைவிட எளிதாக எப்படிச் சொல்வது? ஆனால் வகுப்பில் இதைப் பேசாமல் விடுவதால், கோயிலில் ஒன்பது, புத்தகத்தில் எட்டு என்ற குழப்பம் பிள்ளை மனத்தில் அப்படியே தங்கிவிடுகிறது.

குருப்பெயர்ச்சி ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை, சனிப்பெயர்ச்சி ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த செய்தி. பெயர்ச்சிக்குச் சொல்லும் பலன்களுக்கு அறிவியல் சான்று இல்லை. ஆனால் பெயர்ச்சி என்பது கோளின் உண்மையான நகர்ச்சி. இராசிகள் பன்னிரண்டு. பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வியாழன் ஒரு சுற்றுச் சுற்ற 12 ஆண்டு, சனிக்கு 30 ஆண்டு என்று வரும். இன்றைய துல்லியமான அளவுகள் 11.9, 29.5 ஆண்டுகள். தொலைவில் உள்ளது மெதுவாகச் செல்கிறது என்ற விதியை நான்காம் வகுப்புக் கணக்கே காட்டிவிடுகிறது.

மனப்பாடமாகும் எண்களுக்கும் கதை உண்டு. சூரியனின் தொலைவு 15 கோடிக் கிலோமீட்டர் என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்களே, அந்தத் தொலைவைக் கணிக்க உதவுவதற்காக, சூரியனை வெள்ளி கடக்கும் காட்சியைக் காண ஒரு பிரெஞ்சு அறிஞர் நம் கரைக்கு வந்தார். லெ ஜாந்தி என்பது அவர் பெயர். 1761ஆம் ஆண்டுக் காட்சியின்போது அவர் கடலில் கப்பலில் இருந்தார். ஆடும் தளத்தில் அளவெடுக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்புக்கு எட்டு ஆண்டுகள் காத்திருந்து, கடலூருக்கு வடக்கே புதுச்சேரியில் கருவிகளோடு நின்றார். 1769 சூன் 4 அதிகாலை மேகம் மூடிக்கொண்டது. ஒரு எண்ணுக்குப் பின்னால் இத்தனை உழைப்பும் ஏமாற்றமும் இருக்கின்றன என்று அறிந்த பிள்ளை, அதை வெறும் தேர்வு விடையாக எண்ணாது.

சாலையில் ஒரு சூரியக் குடும்பம்

குறை சொன்னால் போதாது. மாற்றும் சொல்ல வேண்டும். பத்து இலட்சம் கிலோமீட்டரை ஒரு மீட்டராகக் கொள்ளுங்கள். சூரியன் 1.4 மீட்டர் அகலம், அதாவது ஓர் ஐந்தாம் வகுப்பு மாணவனின் உயரம். அந்த வட்டத்தைத் துணியில் வரைந்து பிச்சாவரம் படகுத்துறையில் கட்டிவிட்டு, கிள்ளை வழியாகச் சிதம்பரம் செல்லும் சாலையில் நடக்கலாம். 58ஆவது மீட்டரில் ஒரு மிளகு: அது புதன். 108இல் ஒரு சுண்டைக்காய்: வெள்ளி. 150இல் இன்னொரு சுண்டைக்காய்: அதுதான் நாம் வாழும் பூமி. அதிலிருந்து 38 சென்டிமீட்டர் தள்ளி ஒரு பச்சைப்பயறு: நிலா. மனிதன் இதுவரை காலால் சென்ற தொலைவு அவ்வளவே. 228இல் ஒரு பட்டாணி: செவ்வாய். வியாழன் ஒரு பம்பளிமாஸ்; அதற்கு 780 மீட்டர் நடக்க வேண்டும். சனி உரித்த தேங்காய், 1.4 கிலோமீட்டர். யுரேனசும் நெப்டியூனும் எலுமிச்சம்பழங்கள், முதலாவது 2.9, அடுத்தது 4.5 கிலோமீட்டரில். இதே கணக்கில் சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் 40,000 கிலோமீட்டர் அப்பால், அதாவது உலகை ஒருமுறை சுற்றிவரும் தொலைவில். சிறு பிள்ளைகள் வியாழன் வரை நடந்தாலே போதும். வெறும் சாலைதான் நெடுகிலும், இடையில் எப்போதோ ஒரு பயறு, ஒரு பட்டாணி என்ற உணர்வை எந்த வண்ணப்படமும் தராது.

ஆசிரியர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். பள்ளி பகலில், வானம் இரவில். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பாடத்திட்டம் முடிய வேண்டாமா? உண்மைதான். ஆனால் நிலாவுக்கு இரவு வேண்டியதில்லை. வளர்பிறை அட்டமியன்று பிற்பகல் மூன்று மணிக்கு அது கிழக்கே நிற்கும். தேய்பிறை அட்டமியன்று காலை வகுப்பு தொடங்கும்போது மேற்கே நிற்கும். மழை ஓய்ந்த தை முதல் பங்குனி வரை, மூன்றாம் பிறையிலிருந்து நாள்தோறும் நிலாவின் வடிவத்தை வரைந்துவரச் சொல்லலாம். வாய்க்கால் ஓரம் ஒரு கழி நட்டு, நீர் ஏறிய உயரத்தையும் நேரத்தையும் பெரியவர் துணையோடு குறிக்கலாம். உயர்நீர் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தாமதமாவதும், நிலா அதேபோல் தாமதமாக உதிப்பதும் ஒரே தாளில் தெரியவரும். ஈர்ப்பு விசையைப் பற்றிய விளக்கம் பெரிய வகுப்பில் வரட்டும். பார்த்துக் குறிக்கும் பழக்கம் இந்த வயதிலேயே வர வேண்டும்.

வண்ணப்படத்தைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அது பாடத்தின் முடிவில் வரட்டும், "இந்தப் படத்தில் என்னென்ன தவறு?" என்ற கேள்வியோடு வரட்டும். இல்லாவிட்டால், தான் கண்டது வேறு, தேர்வுக்கு எழுத வேண்டிய அறிவியல் வேறு என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். எட்டுப் பெயர்களையும் பிழையின்றிச் சொல்லும் வகுப்பில் இந்த இழப்பு யார் கண்ணுக்கும் படுவதில்லை. நிலா எங்கே என்று கேட்ட சிறுமிக்குச் சரியான விடை, "இன்று மாலை நீயே பார்த்து வந்து நாளைக்கு எங்களுக்குச் சொல்லம்மா" என்பதுதான்.