பெட்டிகளில் எஞ்சிய பாடங்கள்

குழந்தை வரைந்ததைக் கண்டு இரங்குவது எளிது; அதனை ஓவியமாக மதித்து நோக்குவது அரிது. பிராக் நகர யூத அருங்காட்சியகத்தில் பேணப்படும் ஏறத்தாழ 4,500 சிறுவர் ஓவியங்களைக் காண்போர் பலருக்கு இவ்வுண்மை புலப்படுவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, தெரெசின் நகரில் நாஜிகள் அடைத்துவைத்த யூதச் சிறுவர்கள் வரைந்தவை அவை. வரைந்தவர்களுள் பெரும்பாலோர் பின்னர்க் கொல்லப்பட்டனர். எனவே காண்போர் அவற்றில் துயரத்தையே தேடுகின்றனர், கண்கலங்கி நகர்ந்துவிடுகின்றனர்.

ஆயினும் அவற்றுள் பல, ஓவிய வகுப்பில் செய்த பயிற்சிகள். அவ்வகுப்பை நடத்திய பிரீடில் டிக்கர்-பிராண்டைஸ் 1898இல் வியன்னாவில் பிறந்தவர். வைமார் நகரின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் யோகன்னஸ் இட்டனிடம் பயின்றவர். பழைய மேதைகளின் ஓவியத்தில் ஓடும் தாளகதியையும் ஒளி-இருள் அமைப்பையும் மாணவர் தம் கையாலேயே வரைந்து உணரவேண்டும் என்பது இட்டனின் முறை. 1942 டிசம்பரில் தெரெசினுக்கு அனுப்பப்பட்ட பிரீடில், அம்முறையைச் சிறுவர்க்கு ஏற்றவாறு கையாண்டார்.

அங்கே முறையான கல்விக்குத் தடை இருந்தது. ஓவியமும் கைவேலையும் அனுமதிக்கப்பட்டன. நல்ல தாள் கிடைக்காதபோது பழைய அலுவலகப் படிவங்களே உதவின. மேதை ஒருவரின் ஓவியத்தைப் பார்த்து, அப்படிவங்களை வெட்டியும் கிழித்தும் ஒட்டிப் பிள்ளைகள் அதனை மீண்டும் அமைத்தனர். சில துண்டுகளில் அச்சுவரிகள் இன்றும் தெரிகின்றன. எதை இருளாக வைப்பது, எதை விட்டுவிடுவது, உருவத்தை எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொரு பிள்ளையும் தானே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. ஓவியர் பெயரையும் ஆண்டையும் மனனம் செய்வதால் இவ்வறிவு வாய்ப்பதில்லை.

பார்த்துச் செய்தால் குழந்தையின் கற்பனை மங்கிவிடாதா என்று கேட்கலாம். ஒரே ஓவியத்தை இருவர் ஒட்டினும் இரண்டும் ஒன்றாக அமைவதில்லை என்பதே அதற்கு விடை. அவர்களை ஓவியர்களாக்குவது பிரீடிலின் நோக்கமன்று. சுயமாகக் காணவும் தேர்ந்தெடுக்கவும் வல்லவர்களாக்குவதே நோக்கம். எண்ணிட்டு மனிதரை அனுப்பிய அவ்விடத்தில், அவர்தம் மாணவர்கள் ஓவியத்தில் தங்கள் பெயரை எழுதினர்.

1944 அக்டோபரில் பிரீடில் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் விட்டுச்சென்ற ஓவியங்கள் பெட்டிகளில் பிழைத்து, 1945இல் பிராக் வந்தடைந்தன. அவற்றின்முன் நிற்பவர், சிந்தும் கண்ணீரோடு, அத்தாளில் ஒரு பிள்ளை ஒளியை எங்கே வைத்தது என்பதையும் நின்று பார்த்தல் வேண்டும். அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டதும் அதுவே.