இரண்டாம் மாண்டலின்

வியாழக்கிழமை இரவு ஏழரை மணி. தேவாலயத்தின் பின்பக்கத்து மண்டபத்தில் இருபத்தாறு பேர் அரைவட்டமாக உட்கார்ந்திருக்கிறோம். இசை நடத்துநர் கையை உயர்த்துகிறார். ஒரு கதிரை கூடக் கிறீச்சிடவில்லை, ஒருவரும் தாள் புரட்டவில்லை. கை கீழே வருகிறது. அப்போது எழும்புகிற சத்தம் இருக்கிறதே, அதை எத்தனை பேருக்கு எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்! தகரக் கூரை வீட்டுக்குள் இருந்துகொண்டு, தூரத்து மழை வயல் தாண்டி, வளவு தாண்டி, தலைக்கு மேல் வந்து சேர்வதைக் கேட்டவர்களுக்கு ஓரளவு விளங்கும். அந்த மழைக்குச் சுருதி சேர்த்துவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. எட்டு வருடமாக அதற்கு நடுவில் இருந்து வாசிக்கிறேன். இரவு வேலை முடித்து மூன்று மணித்தியாலம் மட்டும் படுத்தெழும்பிய வியாழக்கிழமைகள் உண்டு. அன்றும் போயிருக்கிறேன். திரும்பி வரும்போது களைப்பு இருந்த இடம் தெரியாது.

நான் இருப்பது ஜேர்மனியின் ரூர் பகுதியில். வயோதிபர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை. 2017ஆம் ஆண்டு, நத்தாருக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் முதியவர்களுக்கு வாசித்துக் காட்டவென்று ஒரு மாண்டலின் குழு வந்தது. கோப்பித் தட்டத்தோடு கதவடியில் நின்றேன். முதல் உருப்படி தொடங்கியதும் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டேன். மாதக்கணக்காக வாய் திறக்காத ஒரு அம்மா, கதிரைக் கைப்பிடியில் ஒற்றை விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி முடிந்து வாத்தியங்களைப் பெட்டியில் வைக்கும் நேரம், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி தன்னுடையதை என் கையில் தந்தார். "வியாழக்கிழமை வா. அலமாரியில் இரவல் மாண்டலின் இருக்கிறது" என்றார். அவ்வளவுதான்! பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை. எனக்கு நாற்பத்தொரு வயது. அதுவரை எந்த வாத்தியத்தையும் மடியில் வைத்ததில்லை.

மாண்டலின் என்ற பெயரை மட்டும் எனக்கு முன்பே தெரியும். நம்மவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழியில்தான்: மாண்டலின் ஸ்ரீநிவாஸ். 1991, யாழ்ப்பாணம். மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. அப்பா சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து வயர் கசற் றெக்கோடருக்குப் போகும். மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் ஸ்ரீநிவாஸ் வாசிப்பார். அப்பாவின் கை தளர்ந்தால் ராகமும் தளர்ந்து, குரல் கம்மிய பிள்ளை மாதிரி இறங்கும். "அப்பா, நிப்பாட்டாதேங்கோ!" என்று நானும் தம்பியும் கத்துவோம். அப்பா சிரித்துக்கொண்டே மற்றக் கைக்கு மாற்றுவார்.

எங்கள் குழுவில் உள்ளவர்களுக்கு ஸ்ரீநிவாஸைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவர் 1983இல், பதினான்கு வயதில், மேற்கு பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தவர் என்று சொன்னேன். ஒருநாள் இடைவேளையில் போட்டுக் காட்டினேன். இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது கம்பியும் சேர்த்த மின் மாண்டலின் அது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கி, நடுங்கி, தயங்கிப் போகும் கமகம். எங்கள் முதல் மாண்டலின் வரிசைத் தலைவர் கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்தபடியே நின்றார். "இன்னொரு தடவை" என்றார். பிறகு இன்னொரு தடவை. அன்று பயிற்சி இருபது நிமிடம் பிந்தித்தான் மறுபடி தொடங்கியது. எனக்கு அந்த இரவு நித்திரையே இல்லை, அத்தனை சந்தோசம்.

நாங்கள் வாசிப்பது நேப்பிள்ஸ் வழி வந்த மாண்டலின். முதுகு சுரைக்குடுவை போல உருண்டிருக்கும். மெல்லிய மரப்பட்டிகளை வளைத்து ஒட்டிச் செய்வது. இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி. வயலினுக்கு உள்ள அதே சுருதிதான்: ஜி, டி, ஏ, ஈ. ஆனால் வயலினுக்கு வில் இருக்கிறது, இழுக்க இழுக்கச் சத்தம் நீளும். மாண்டலின் கம்பியைத் தட்டினால் ஒலி பிறந்த கையோடு மறைந்துவிடும். நீளமான சுரம் வேண்டுமென்றால் பிளெக்ட்ரத்தை மேலும் கீழுமாக விடாமல் ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். இதற்குப் பெயர் ட்ரெமொலோ. கை ஓடும்வரைதான் சுரத்துக்கு உயிர். முதல் நாள் இதை விளங்கப்படுத்தியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் சைக்கிள் பெடல் அல்லவா இது!

வீட்டில் தனியே இருந்து ட்ரெமொலோ போட்டால் தட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். தையல் மெஷின் ஓடுவது போலத்தான். கூட்டத்தில்தான் அதிசயம் நடக்கிறது. ஒருவருடைய தட்டும் இன்னொருவருடைய தட்டும் ஒரே நொடியில் விழுவதில்லை. என் கை மேலே போகும்போது பக்கத்தவரின் கை கீழே வருகிறது. என் இரண்டு தட்டுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தை அவர் நிரப்புகிறார், அவருடையதை அதற்கடுத்தவர். பத்தொன்பது கை இப்படிச் சேர்ந்தால் வெற்றிடம் என்று ஒன்றே மிஞ்சாது. எவ்வளவு பெரிய வித்துவானாலும் தனியாக இந்தச் சத்தத்தை உண்டாக்க முடியாது. எங்களைப் போல சாதாரண கைகள் கூடினால் முடிகிறது! இதைவிட அழகான ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பத்தொன்பது என்றது மாண்டலினும் மாண்டோலாவும் சேர்த்து. முதல் மாண்டலின் ஆறு, இரண்டாம் மாண்டலின் ஏழு, மாண்டோலா ஆறு. மாண்டோலா கொஞ்சம் பெரியது. ஜேர்மனியில் அதை மாண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்ப்பார்கள். ஆண்குரல் போல கனத்த தொனி. பிறகு கிட்டார் ஆறு, டபுள் பேஸ் ஒன்று. ஒருநாள் சுருதி சேர்க்கும் நேரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மொத்தம் 192 கம்பி. இரட்டைக் கம்பியில் ஒன்று மயிரிழை விலகினாலும் காதுக்குள் ஊசி குத்தும். அதனால் ஒவ்வொருவராக, முறுக்காணியைக் கால்வாசி, அரைக்கால்வாசி என்று திருப்பி, காதை வாத்தியத்தின் மேல் சாய்த்து... பத்து நிமிடம் போகும். மற்றவர்களுக்கு இது அலுப்பாக இருக்கலாம், எனக்கு இது பூசைக்கு முந்திய திருவிளக்கு நேரம். கலவரமாக இருந்த மண்டபம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே சுரத்துக்குள் வந்து அடங்குவதைப் பார்க்கவேண்டும்!

மண்டபத்தில் ஒரு பழைய மர அலமாரி. திறந்தால் காய்ந்த காகித வாசம். கையால் எழுதிய இசைத்தாள்கள், ஓரங்களில் பெருவிரல் பட்டுக் கறுத்த அடையாளங்கள். அந்த அலமாரிதான் எனக்கு இந்த ஊரின் வரலாறு படிப்பித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடு மலையெல்லாம் நடந்து திரிந்த வாண்டர்வோகல் இளைஞர்கள் முதுகில் தொங்கவிட்டது கிட்டாரும் மாண்டலினும். பியானோ வாங்க வசதியில்லாத தொழிலாளிக்கு மாண்டலின் கைக்கெட்டியது. முதலாம் உலகப் போருக்குப் பிறகு சுரங்க ஊர்களிலும் ஆலை ஊர்களிலும் மாண்டலின் சங்கங்கள் முளைத்தன. 1933இல் நாஜிகள் வந்ததும் தொழிலாளர்களின் இசைச் சங்கங்களைக் கலைத்தார்கள். போருக்குப் பிறகு ஆட்கள் மறுபடி கூடினார்கள். கொன்றாட் வோல்க்கி (1904–1983) போன்றவர்கள் மீட்டு வாத்தியக் குழுவுக்கென்றே இசை எழுதினார்கள். இப்போது வுப்பர்டாலில் மாண்டலினுக்கென்றே காதரீனா லிஷ்டன்பெர்க் பேராசிரியராக இருக்கிறார். எங்கள் குழுவின் கடைக்குட்டிக்கு அவரிடம் படிக்கவேண்டும் என்பதுதான் கனவு. 2023ஆம் ஆண்டுக்கான வாத்தியமாக ஜேர்மனியில் மாண்டலினைத் தெரிவு செய்தபோது நாங்கள் கேக் வெட்டினோம்.

வாசிக்கும் உருப்படிகளுக்கும் குறைவில்லை. விவால்டி மாண்டலினுக்கு எழுதிய சி மேஜர் கொன்சேர்ட்டோவின் முதல் பகுதியை வாசிக்கும்போது கால் தானாகத் துள்ளும். எனக்கு உயிரானது ஜப்பானியர் யசுவோ குவாஹரா (1946–2003) எழுதிய ஜப்பானிய இலையுதிர் காலப் பாடல். அமைதியும் கொந்தளிப்பும் மாறி மாறி வரும் அந்த உருப்படியை நாங்கள் ஏழு மாதம் பழகினோம். இத்தாலியில் பிறந்த வாத்தியத்துக்கு ஜப்பானியர் எழுதியதை ஜேர்மன்காரரோடு சேர்ந்து யாழ்ப்பாணத்துப் பிள்ளை வாசிக்கிறாள் என்று அப்பாவுக்கு ஃபோனில் சொன்னேன். "எல்லாம் சரி பிள்ளை, நீ வாசிக்கிறது தனியாக் கேக்குமோ?" என்றார்.

கேட்காது. அதைத்தான் சொல்ல வந்தேன். நான் இரண்டாம் மாண்டலின். பாட்டின் மெட்டு முதல் மாண்டலினுக்குப் போய்விடும். எங்களுக்கு வருவது மெட்டுக்குக் கீழே ஓடும் சுரங்கள், தாளத்துக்கு இடையில் விழும் தட்டுகள், இரண்டு பக்கம் முழுக்க ஒரே மூன்று சுரம். புதிதாக வந்தவர்களை இங்கேதான் உட்கார்த்துவார்கள். ஒரு வருடம் போனால் முதலுக்கு மாறலாம் என்றார்கள். மாறவில்லை, மாறவும் மாட்டேன்! ஒருநாள் பயிற்சியில் நடத்துநர் எங்கள் வரிசையை மட்டும் நிறுத்தி, மற்றவர்களை வாசிக்கச் சொன்னார். மெட்டு இருந்தது, பேஸ் இருந்தது, ஆனால் கூரைக்கும் நிலத்துக்கும் நடுவே சுவரே இல்லை. பிறகு எங்களைச் சேரச் சொன்னார். நாங்கள் ஏழு பேரும் உள்ளே நுழைந்த அந்த இடத்தில் மண்டபம் நிமிர்ந்தது. என் பக்கத்துக் கதிரைக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது என் முகத்திலும் இருந்திருக்கும். என்னைவிட வயதில் மூத்தவள் அவள். ஆனால் சங்கத்துக்குள் எல்லோரும் எல்லோருக்கும் 'டூ'தான், 'நீ'தான். எண்பது வயதுக்காரரை 'நீ' என்று அழைக்க எனக்கு ஒரு வருடம் நாக்கு வரவில்லை.

அந்த எண்பது வயதுக்காரரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மாண்டோலா வரிசையில் எனக்கு நேரே பின்னால் இருந்தவர். முப்பத்தொரு வருடம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர். அவருடைய வலது புறங்கையில் நீல நிறத்தில் ஒரு தழும்பு. தோல் கிழிந்த இடத்தில் கரித்தூள் உள்ளே போய் ஆறினால் தழும்பு வாழ்நாள் முழுக்க நீலமாகவே இருந்துவிடும். அவர் ட்ரெமொலோ போடும்போது அந்த நீலக் கோடு மங்கி, விரிந்து, ஒரு சிறு புகைபோல ஆகிவிடும். கை மட்டும்தான் ஓடும். தோள் அசையாது, முகம் அசையாது. மணிக்கட்டை எப்படித் தளர்த்துவது என்று நான் படித்தது அந்தக் கையைப் பார்த்துத்தான்.

2018 டிசம்பர் 21ஆம் திகதி, பொட்ரொப் நகரத்தில் ப்ரோஸ்பர்-ஹானியல் சுரங்கம் மூடப்பட்டது. ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் அது. அந்த மாதம் தேவாலயத்தில் எங்கள் கச்சேரி, எனக்கு அதுதான் முதல் கச்சேரி. கடைசி உருப்படி ஸ்டைகர்லீட், சுரங்கத் தொழிலாளரின் பழைய பாட்டு. நாங்கள் முதல் அடியை வாசித்து முடிக்கு முன்னமே சபை முழுக்க எழும்பி நின்றது. கிழவர்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள், எல்லோரும் பாடினார்கள். எனக்குப் பின்னால் மாண்டோலா ஓடிக்கொண்டிருந்தது. கடைசிச் சுரத்தின் மேல் ஃபெர்மாட்டா, ஒரு வளைவும் அதற்குள் ஒரு புள்ளியும். நடத்துநர் கையை இறக்கும்வரை சுரத்தைப் பிடித்து வைத்திருக்கவேண்டும் என்று அர்த்தம். அவர் கையை இறக்கவில்லை. மேலேயே வைத்திருந்தார். பாடியவர்களுக்கு மூச்சு முடிந்து குரல் அடங்கிவிட்டது. எங்கள் கைகள் மட்டும் ஓடின. எனக்கு முழங்கை எரிந்தது, விரல் நுனியில் கம்பி பதிந்திருந்தது. நிப்பாட்டாதேங்கோ, நிப்பாட்டாதேங்கோ என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன், யாரிடம் என்று தெரியாமல். பின்னாலிருந்த கையின் சத்தம் ஒரு இழைகூடத் தளரவில்லை. ஒருவரும் நிறுத்தவில்லை. நடத்துநர் மெல்ல, மிக மெல்ல, விரல்களை மூடினார்.

கைதட்டல் தொடங்க நேரம் எடுத்தது. திரும்பிப் பார்த்தேன். கிழவர் மாண்டோலாவை மடியில் படுக்கவைத்து, கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தபடி இருந்தார்.

இப்போது அவர் ஓய்வெடுத்துக்கொண்டார், மணிக்கட்டில் நோ. மாண்டோலாவைச் சங்க அலமாரிக்குக் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமைகளில் மண்டபத்தின் கடைசிக் கதிரையில் வந்திருந்து கேட்கிறார். எங்கள் வரிசையில் ஒருத்தி முதல் மாண்டலினுக்கு மாறிவிட்டாள். அதனால் இரண்டாம் மாண்டலினில் என் இடது பக்கம் ஒரு கதிரை வெறுமையாக இருக்கிறது. வாத்தியம் நாங்கள் தருவோம். பக்கவாட்டுக் கதவால் வரவேண்டும், ஏழரைக்குக் கொஞ்சம் முன்னதாக வந்தால் சுருதி சேர்ப்பதையும் பார்க்கலாம்.